கணக்கில் தோற்றவர், காரில் வென்றவர்!

(சர் அலெக் இசிகோனிஸ் வாழ்க்கை வரலாறு)

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



அம்பாசிடர் காரைத் தெரியாதவர்கள் நம்மில் யாரும் கிடையாது. கலெக்டர் கார், கல்யாணக் கார், டாக்ஸி என்று நம் தாத்தா காலத்திலிருந்து ஓடிய வண்டி அது. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு அதன் உற்பத்தி நின்று போனது. என்றாலும் நம்ம கள்ளக்குறிச்சியில் இன்றைக்கும் ஒன்றிரண்டு ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பட்டறை ஓரத்தில் வேப்பமரத்தடியில் தூங்குகிறவையும் உண்டு.

அந்த வண்டியின் முன்பக்கம் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மெக்கானிக்கலும் ஆட்டோமொபைலும் படிக்கிற நாமாவது ஒரு தடவை பார்க்க வேண்டும். முன்சக்கரத்துக்கு அங்கே சுருள் ஸ்பிரிங் இருக்காது. லாரிக்கு இருப்பது போல் பட்டை அடுக்கும் இருக்காது. அதற்குப் பதில் வண்டியின் நீளவாக்கில் ஓர் உருட்டுக் கம்பி படுத்திருக்கும். அந்தக் கம்பிதான் ஸ்பிரிங்! பெயர் டார்ஷன் பார்.

இந்த அமைப்பைச் சாதாரண மக்கள் வாங்குகிற பிரிட்டிஷ் காருக்குள் கொண்டுவந்தவர் சர் அலெக் இசிகோனிஸ். மோரிஸ் மைனர், மினி என்ற இரண்டு புகழ்பெற்ற கார்களின் தந்தை. அவர் ஒரு பாலிடெக்னிக் மாணவர். அதிலும் கணக்குப் பரீட்சையில் ஒருமுறை இல்லை, மூன்று முறை தோற்றவர்! அதனாலேயே அவர் கதையை இந்த மலரில் எழுதத் துணிந்தேன்.

அகதியாக வந்த பையன்

இசிகோனிஸ் பிறந்தது 1906 நவம்பர் 18-ஆம் தேதி. ஊர் ஸ்மிர்னா. இன்றைக்குத் துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் துறைமுக நகரம். அப்பா கிரேக்க வம்சம், ஆனால் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். அம்மா ஹல்டா ஜெர்மன் வம்சம். அப்பாவுக்குச் சொந்தமாகக் கப்பல் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஆக, இரும்புச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர் என்று சொல்லலாம்.

முதல் உலகப்போர் முடிந்ததும் கிரேக்கர்களுக்கும் துருக்கியர்களுக்கும் சண்டை மூண்டது. 1922 செப்டம்பரில் துருக்கிப் படை ஸ்மிர்னாவைப் பிடித்தது. நகரமே தீக்கிரையானது. பிரிட்டிஷ் குடியுரிமை இருந்ததால் அந்தக் குடும்பத்தைக் கப்பலில் ஏற்றி மால்டா தீவுக்குக் கொண்டு போனார்கள். வீடு, தொழிற்சாலை எல்லாம் போயிற்று. மால்டாவிலேயே அப்பாவும் இறந்து போனார். பதினாறு வயதுப் பையனும் அம்மாவும் மட்டும் மிஞ்சினார்கள். 1923-இல் இருவரும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

வசதியாக வாழ்ந்தவர்கள் ஒரே வருடத்தில் ஒன்றுமில்லாதவர்களாக ஊர் விட்டு ஊர் வந்து நின்றார்கள். அந்தத் தாய் பிள்ளையை வேலைக்கு அனுப்பவில்லை, படிக்க அனுப்பினார். இதைப் படித்தபோது எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வந்தது. எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கரும்பு வெட்டுகிற கூலியில் ஒரு பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்புவது லேசுப்பட்ட காரியமா?

பேட்டர்சீ பாலிடெக்னிக்

லண்டனில் பேட்டர்சீ பாலிடெக்னிக் என்று ஒரு கல்லூரி. அதில்தான் இசிகோனிஸ் இயந்திரவியல் படித்தார். டிராயிங்கில் புலி! எந்தப் பொருளையும் பார்த்தவுடன் ஸ்கேல் இல்லாமல் கையாலேயே வரைந்து காட்டிவிடுவார். ஆனால் கணக்கு என்றால் மட்டும் எட்டிக்காய். பரீட்சை எழுதினார், ஃபெயில். மறுபடி எழுதினார், ஃபெயில். மூன்றாவது முறையும் ஃபெயில்! பிற்காலத்தில் பெரிய மனிதரான பிறகும் வெறும் கணக்கு என்பது படைக்கும் திறமைக்கு எதிரி என்கிற மாதிரியே பேசி வந்தார்.

இது நம் எல்லோருக்கும் உறைக்கிற விஷயம், நண்பர்களே. எம்-1, எம்-2 என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்தவனுக்கு, டெரிவேட்டிவ் என்ற வார்த்தையைப் புரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஆகிவிடுகிறது. அதற்குள் பாதிப் பாடம் போய்விடும். முதல் வருடம் என் பெஞ்சில் கல்வராயன் மலையிலிருந்து வந்த இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கை அவ்வளவு சுத்தம். ஃபிட்டிங்கில் அவர்கள் அரம் போட்டால் மூலைமட்டம் வைத்துப் பார்க்கத் தேவையே இருக்காது. கணக்கில் அரியர் விழுந்தது. ஒருத்தர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். இன்னொருத்தர் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருப்பதாகக் கேள்வி. ஃபெயில் ஆனதைவிட, அதற்குப் பிறகு ஒருத்தரும் அவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசாததுதான் அவர்களைத் துரத்தியது என்று எனக்குத் தோன்றும்.

இசிகோனிஸும் அப்படிப் போயிருந்தால்? மோரிஸ் மைனரும் இல்லை, மினியும் இல்லை.

உண்டிவில் ரப்பரில் ஓடிய கார்

படிப்புக்குப் பிறகு அவர் கார் தொழிலில் நுழைந்தார். 1930-களில் ஹம்பர் கம்பெனியில் வேலை பார்த்தார். 1936-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் கௌலி என்ற இடத்தில் இருந்த மோரிஸ் கம்பெனிக்கு மாறினார். அங்கே முதலில் கொடுக்கப்பட்ட வேலையே முன்சக்கர சஸ்பென்ஷன்தான்.

அந்தக் காலத்தில் பல கார்களில் மாட்டுவண்டி அச்சு மாதிரி ஒரே அச்சின் இரண்டு முனையிலும் இரண்டு சக்கரம். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது சக்கரமும் சாயும். ஸ்டியரிங் கையில் உதறும். ஒவ்வொரு சக்கரமும் தன் போக்கில் தனியாக ஏறி இறங்க வேண்டும் என்பதுதான் அவர் பிடித்துக்கொண்ட விஷயம்.

ஆபீஸ் வேலை முடிந்த பிறகு ஜார்ஜ் டௌசன் என்ற நண்பரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு பந்தயக் கார் கட்டினார். பெயர் லைட்வெயிட் ஸ்பெஷல். எல்லாம் கையால் செய்த வேலை. பல வருடம் பிடித்தது. 1939-இல்தான் முடிந்தது. உடம்பு ப்ளைவுட், அதன் மேல் அலுமினியத் தகடு. ஸ்பிரிங்குக்கு என்ன போட்டார் தெரியுமா? உண்டிவில்லுக்குப் போடுவோமே, அந்த மாதிரி ரப்பர்! நாம் குருவி அடிக்க வைத்திருந்ததை அவர் கார் சஸ்பென்ஷனில் வைத்தார். எடை குறைவாக இருந்ததால் பெரிய என்ஜின் போட்ட கார்களையே அது முந்தியது. உடம்பு கெட்டியாகவும் லேசாகவும் இருந்தால் ஸ்பிரிங் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும் என்பதை அவர் அந்தக் காரில்தான் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

மோரிஸ் மைனர் – முறுக்கும் முட்டும்

இரண்டாம் உலகப்போர் நடக்கும்போதே, போர் முடிந்ததும் விற்க ஒரு சின்னக் கார் வேண்டும் என்று மோரிஸ் கம்பெனி நினைத்தது. பொறுப்பு இசிகோனிஸிடம் வந்தது. அவரோடு ஜாக் டேனியல்ஸ் போன்ற ஓரிரு வரைபட நிபுணர்கள். இந்தச் சின்னக் கூட்டம்தான் ஒரு முழுக் காரை வடிவமைத்தது. 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோரிஸ் மைனர் வெளிவந்தது.

இதன் முன்சக்கரத்தைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

நமக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் டார்ஷன் டெஸ்ட் இருக்கிறது அல்லவா? கம்பியின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, மறு முனையை முறுக்குவோம். கம்பி மேல் சாக்பீஸால் நேர்கோடு போட்டுவிட்டு முறுக்கினால் அந்தக் கோடு கொடி மாதிரி சுற்றிக்கொள்ளும். ஓர் அளவு வரை முறுக்கி விட்டுவிட்டால் கம்பி பழைய நிலைக்கே திரும்பிவிடும். மைனரின் ஸ்பிரிங் இதேதான். கம்பியின் பின்முனை வண்டியின் அடியில் அசையாமல் பிடிக்கப்பட்டிருக்கும். முன்முனை சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மோடு சேர்ந்திருக்கும். சக்கரம் மேடேறினால் ஆர்ம் மேலே போகும், கம்பி முறுகும். மேடு தாண்டியதும் கம்பி தன்னைத் தானே பிரித்துக்கொண்டு சக்கரத்தைக் கீழே தள்ளும். மேல் பக்கத்தில் ஷாக் அப்சார்பரின் கையே மேல் ஆர்மாக வேலை செய்யும். ஒரு பொருள், இரண்டு வேலை!

இங்கே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. முறுக்கை எதிர்க்கும் கம்பியின் விறைப்பு, அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் கம்பியை 22 மில்லிமீட்டர் ஆக்கினால் விட்டம் கூடியது 10 சதவீதம்தான். ஆனால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். 1.1-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், 1.4641 வரும். அதே கம்பியை இரண்டு மடங்கு நீளமாக்கினால் விறைப்பு பாதியாகும். அதனால்தான் டார்ஷன் பாரை அவ்வளவு நீளமாக வண்டியின் தரைக்கு அடியில் படுக்க வைத்தார்கள்.

சரி, ஏறி இறங்குவதற்குக் கம்பி இருக்கிறது. பிரேக் அடித்தால்? வண்டி முன்னே போகப் பார்க்கும், சக்கரம் பின்னே இழுபடும். கீழ் ஆர்ம் ஒற்றைக் குச்சி மாதிரி குறுக்கே நிற்கிறது. பின்னோக்கி வரும் இழுப்பை அதனால் தனியாகத் தாங்க முடியாது. அதற்குத்தான் டை ராட் என்ற மெல்லிய கம்பி. ஆர்மிலிருந்து சாய்வாக முன்னோக்கிப் போய் வண்டியின் சட்டத்தில் ரப்பர் புஷ் வைத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். இப்போது ஆர்ம், டை ராட், சட்டம் மூன்றும் சேர்ந்து முக்கோணம் ஆகிவிட்டது. முக்கோணம் கோணாது! நம்ம ஊரில் பந்தல் போடுகிறவர்கள் நான்கு கால் நட்டதும் குறுக்கே ஒரு மூங்கிலைச் சாய்த்துக் கட்டுவார்களே, அதே முட்டுதான். அந்த ஒரு மூங்கில் இல்லாவிட்டால் காற்றடித்ததும் பந்தல் படுத்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டார்ஷன் பார் இசிகோனிஸ் கண்டுபிடித்தது கிடையாது. 1934-இலேயே பிரான்சின் சிட்ரோயன் கம்பெனி தன் காரில் போட்டிருந்தது. அதைச் சின்ன விலைக் காருக்குப் பொருத்தமாக, ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கோடு சேர்த்து அமைத்ததுதான் இவர் திறமை.

மைனர் வெளிவருவதற்கு முன் ஒரு வேடிக்கை நடந்தது. மாதிரி வண்டி தயார். ஆனால் அதன் அகலம் இசிகோனிஸ் கண்ணுக்குப் பிடிக்கவே இல்லை. ஒல்லியாகத் தெரிந்தது. வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார்! இரண்டு பாதியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்துப் பார்த்தார். 4 அங்குல இடைவெளி வந்தபோது மனசு நிறைந்தது. அப்படியே காரை அகலமாக்கினார்கள். பானெட்டின் நடுவே ஒரு பட்டை ஓடுவது அதனால்தான். ஏற்கெனவே செய்து வைத்திருந்த பம்பர்களை நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டார்கள். கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு ஆரம்பத்தில் இந்தக் கார் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் ஜனங்களுக்குப் பிடித்தது. பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெருமை அதற்குத்தான்.

கல்வராயன் மலை ஏறிய கதை

இதற்கும் அம்பாசிடருக்கும் என்ன சம்பந்தம்? மைனர் வந்த அதே 1948-இல் அதன் பெரிய அண்ணன் மாதிரி மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரும் வந்தது. அதுவும் இசிகோனிஸ் கைவண்ணம்தான். பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் இருந்தது. மோரிஸ் கார்களை அவர்கள் இந்தியாவில் தயாரித்தார்கள். மைனர், பேபி ஹிந்துஸ்தான் ஆனது. ஆக்ஸ்ஃபோர்டு, ஹிந்துஸ்தான் 14 ஆனது. அடுத்த ஆக்ஸ்ஃபோர்டு லேண்ட்மாஸ்டர் ஆயிற்று. மூன்றாம் வரிசை ஆக்ஸ்ஃபோர்டு 1957-இல் அம்பாசிடர் ஆயிற்று. லேண்ட்மாஸ்டருக்கு மூலமான ஆக்ஸ்ஃபோர்டு வெளிவந்தபோது இசிகோனிஸ் மோரிஸை விட்டுப் போயிருந்தார். ஆனால் முன்சக்கரத்தில் டார்ஷன் பார் என்ற அவர் போட்ட பாதை அப்படியே தொடர்ந்தது.

நம்ம ஊர் ரோடு எப்படிப்பட்டது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற பாதையை நினைத்துப் பாருங்கள். ஏறும்போது என்ஜினுக்குச் சோதனை. இறங்கும்போது முன்சக்கரத்துக்குச் சோதனை. சரிவில் பிரேக் அடித்தால் வண்டியின் பளு முன்பக்கம் போய் உட்காரும். வளைவில் திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் இன்னும் ஏறும். பிரேக் இழுப்பு, வளைவுத் தள்ளல், பள்ளத்தின் அடி என மூன்றும் ஒரே நேரத்தில் ஒரு சக்கரத்தின் ஆர்மில் வந்து விழும்.

கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு பட்டறை. லீவு நாட்களில் அங்கே போய் உதவியாக நிற்பேன். மேஸ்திரி ஐந்தாவது வரைதான் படித்தவர். ஒரு நாள் மலையிலிருந்து பழைய அம்பாசிடர் ஒன்று வந்தது. பிரேக் போட்டால் இடது பக்கம் இழுக்கிறது என்று புகார். தூக்கிப் பார்த்தால், முன் ஆர்மைத் தாங்கும் சட்டத்தில் துருப்பிடித்த இடத்தில் விரிசல். தடித்த பட்டையை வைத்து நாலா பக்கமும் வெல்டிங் அடித்தால் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். மேஸ்திரி அப்படிச் செய்யவில்லை. துருவை முழுசாகச் சுரண்டி எடுத்தார். விரிசல் முடிகிற நுனியில் ட்ரில் போட்டு ஒரு சின்ன ஓட்டை வைத்தார். பிறகு விரிசலை வெல்டிங்கில் அடைத்தார். மேலே வைத்த பட்டையைச் சதுரமாக வெட்டாமல் இரண்டு பக்கமும் கூம்பாக வெட்டினார். தேய்ந்த ரப்பர் புஷ்களை எல்லாம் கழற்றிப் புதுசு போட்டார். கிங் பின்னுக்கு கிரீஸ் அடித்தார்.

காரணம் கேட்டபோது அவர் பாஷையில் விளக்கினார். அதை நம் பாடத்தோடு ஒட்டிப் பார்த்தால் அத்தனையும் சரி! விரிசலின் கூர்நுனியில்தான் ஸ்ட்ரெஸ் குவியும், வட்ட ஓட்டை அதைப் பரப்பிவிடும். சதுரப் பட்டை வைத்தால் அது முடிகிற ஓரத்தில் விறைப்பு திடீரென்று குறையும், அடுத்த விரிசல் அங்கேதான் பிறக்கும். கூம்பாக வெட்டினால் பளு மெதுவாக இறங்கும். ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டு இரும்போடு இரும்பைப் பற்ற வைத்தால் இன்னும் கெட்டியாகும் என்று நினைப்பது தவறு. அங்கே கொஞ்சம் நெளிவு வேண்டும். நெளிவு இல்லாவிட்டால் சட்டம் உடையும். முட்டுக் கொடுக்க வேண்டிய இடத்தில் முட்டு, நெளிய வேண்டிய இடத்தில் நெளிவு. சஸ்பென்ஷன் வேலையின் சாரமே இதுதான்.

கிரீஸ் விஷயமும் சாதாரணம் கிடையாது. மைனரின் கிங் பின் கீழே மரையுள்ள ஒரு பாகத்தில் திருகி நிற்கும். கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்துவிட்டால் பின் பிடுங்கிக்கொண்டு சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். எவ்வளவு பெரிய மேதை வடிவமைத்தாலும் ஒரு கை கிரீஸ் அடிக்கிறவர் இல்லாவிட்டால் வண்டி ஓடாது!

மினி – உலகத்தைத் திருப்பிப் போட்ட கார்

1952-இல் மோரிஸும் ஆஸ்டினும் இணைந்து பி.எம்.சி. என்ற பெரிய கம்பெனி ஆனது. அப்போது இசிகோனிஸ் ஆல்விஸ் என்ற வேறு கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் வடிவமைத்த கார் செலவு கட்டுப்படியாகாமல் கைவிடப்பட்டது. 1955-இல் பி.எம்.சி. தலைவர் லியோனார்டு லார்டு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

1956-இல் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினை வந்தது. இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன்! குறைந்த பெட்ரோலில் ஓடுகிற சின்னக் கார் உடனே வேண்டும் என்று 1957-இல் லார்டு உத்தரவு போட்டார். இசிகோனிஸ் செய்தது துணிச்சலான வேலை. என்ஜினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். முன்சக்கரங்களையே ஓட்ட வைத்தார். 10 அங்குல சக்கரம் போட்டார். மொத்த நீளம் ஏறத்தாழ 10 அடி. அதில் 80 சதவீத இடம் ஆட்களுக்கும் சாமான்களுக்கும்! ஸ்பிரிங்குக்கு ரப்பர் கூம்பு. அதை உருவாக்கியவர் அவர் நண்பர் அலெக்ஸ் மோல்டன். உண்டிவில் ரப்பரில் தொடங்கிய ஆசை இங்கே நிறைவேறியது.

ஆனால் சோதனை ஓட்டத்தில் ஒரு சிக்கல். சக்கரத்தின் பளு நேராக மெல்லிய உடம்புத் தகட்டில் ஏறியது, தகடு தாங்கவில்லை. எனவே முன்னாலும் பின்னாலும் தனித்தனியாகக் கெட்டியான சப்ஃபிரேம் செய்து, சஸ்பென்ஷனை அதில் மாட்டி, அதை உடம்போடு சேர்த்தார்கள். பளு ஒரு புள்ளியில் குத்தாமல் பல இடங்களில் பரவியது. மேஸ்திரி கூம்புப் பட்டையில் செய்ததும், அங்கே சப்ஃபிரேமில் செய்ததும் ஒரே தத்துவம்தான் பாருங்கள்.

1959 ஆகஸ்ட் 26-ஆம் தேதி மினி வெளிவந்தது. ஆரம்ப வண்டிகளில் தரைத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று தவறான பக்கமாக மடித்து ஒட்டியதால் மழைத் தண்ணீர் உள்ளே வந்தது. அதையும் பிறகு சரி செய்தார்கள். 1964, 1965, 1967 ஆண்டுகளில் மாண்டி கார்லோ ராலியில் மினிதான் முதலிடம். 2000-ஆம் ஆண்டு உற்பத்தி முடியும்போது 53 லட்சத்துக்கும் மேல் மினிகள் செய்யப்பட்டிருந்தன. இன்றைக்கு நம் ரோட்டில் ஓடுகிற சின்னக் கார்களின் பானெட்டைத் திறந்து பாருங்கள். என்ஜின் குறுக்கேதான் இருக்கும். அந்தப் பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது மினிதான்.

விறைப்பு மிகுந்தால்...

புகழ் வந்தது. 1967-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1969-இல் சர் பட்டம் கிடைத்தது. கணக்கில் மூன்று முறை தோற்ற பையன், விஞ்ஞானிகள் உட்காரும் சபையில் உட்கார்ந்தார்!

ஆனால் அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. அவர் பிடிவாதக்காரர். தான் நினைத்ததுதான் சரி என்பவர். விற்பனைக்காரர்கள் சொல்வதையோ செலவுக்காரர்கள் சொல்வதையோ காதில் போட்டுக்கொள்ள மாட்டார். மினி லட்சக்கணக்கில் விற்றும் கம்பெனிக்கு லாபம் சொற்பம் என்ற குறை இருந்துகொண்டே இருந்தது. 1968-இல் கம்பெனிகள் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆனபோது அவரை மெல்ல ஓரங்கட்டினார்கள். மினிக்குப் பதிலாக அவர் மனசில் வைத்திருந்த அடுத்த சின்னக் கார் சந்தைக்கே வரவில்லை. 1971-இல் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் அவருக்குக் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? பிள்ளைகள் நட்டு போல்ட்டு மாட்டி விளையாடும் மெக்கானோ பெட்டிகளிலேயே மிகப் பெரியது! 1988 அக்டோபர் 2-ஆம் தேதி பர்மிங்காமில் காலமானார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

நமக்கு என்ன பாடம்?

இசிகோனிஸே கணக்கில் ஃபெயில், எனவே கணக்கு வேண்டாம் என்று யாராவது இந்தக் கட்டுரையைக் காட்டிப் பேசினால் அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கு இல்லாமல் அந்தக் கார்கள் பிறக்கவில்லை. அவர் காகிதத்தில் கிறுக்கிய படத்தை அளவு பிசகாத வரைபடமாக்கியவர் ஜாக் டேனியல்ஸ். ரப்பர் எவ்வளவு அமுங்கும் என்று கணக்குப் போட்டுச் சோதித்தவர் மோல்டன். 20 மில்லிமீட்டரா, 22 மில்லிமீட்டரா என்று யாரோ ஒருத்தர் உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். இசிகோனிஸ் கீழ் ஆர்ம் என்றால் அவர்கள் டை ராட். ஒற்றை ஆர்ம் எவ்வளவு நல்ல இரும்பாக இருந்தாலும் முதல் பிரேக்கிலேயே பின்னால் மடங்கும்.

நம்மிடம் இருப்பது என்ன? கை சுத்தமாக இருந்து கணக்கில் தடுமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கில் நூறு வாங்கி, அரத்தைப் பிடிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் போதும். நமது மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். வாரத்தில் இரண்டு மாலை, வகுப்பு விட்ட பிறகு ஒரு மணி நேரம், எம்-1, எம்-2 பாஸ் செய்த சீனியர்கள் முதல் வருடத்துப் பசங்களோடு தமிழில் பேசி உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். பஸ் பிடித்து வெள்ளிமலைக்குப் போக வேண்டியவர்களுக்கு மதிய உணவு இடைவேளையில் அரை மணி நேரம் ஒதுக்கலாம். இதற்குப் பணம் வேண்டாம், கரும்பலகையும் சாக்பீஸும் இருந்தால் போதும். பதிலுக்கு லேபிலும் ஒர்க்‌ஷாப்பிலும் அவர்கள் நமக்குச் சொல்லித் தரட்டும்.

இதில் முதல் ஆளாக என் பெயரைப் பேரவைச் செயலரிடம் கொடுத்துவிட்டேன். திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போன அந்த இருவருக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன். அரியர் எழுத இன்னும் வாய்ப்பு இருக்கிறது. அடுத்த பரீட்சைக்குள் வந்துவிட்டால் போதும். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார நான் இருக்கிறேன். நீங்களும் வாருங்கள், நண்பர்களே!